பழைய அரசு லேப்டாப்பில் என்ன ஓஎஸ் போடலாம், என்ன கேம் ஆடலாம்

"பழைய லேப்டாப் ஒண்ணு சும்மா கிடக்கு, எந்த லினக்ஸ் ரொம்ப லேசா இருக்கும்?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பெயர் சொல்வதில்லை. (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது ஓஎஸ்; பல வகைகளில் கிடைக்கும்.) அதில் யார் உட்காரப் போகிறார்கள், என்ன கேம் ஓட வேண்டும், உள்ளே இருக்கிற டிஸ்க் எது, இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவேன். ஓஎஸ் எவ்வளவு லேசு என்பது கடைசிக் கேள்வி. பிளஸ் டூவில் எனக்கு அரசு கொடுத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு அண்ணன் மகனோடு ஒரு கோடை விடுமுறை முழுக்க மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டது இது.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல். லேப்டாப் 2012ல் கைக்கு வந்தது; 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் மூலம் வந்த ஆரம்பகால மாடல். இன்டெல் பென்டியம், ரெண்டு கோர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இரண்டையும் சேர்த்தே போட்டிருந்தார்கள்; ஆன் பண்ணும்போது எது வேண்டும் என்று கேட்கும், நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு விண்டோஸைத்தான் தட்டுவோம். காலேஜ் முடிக்கும்வரை எனக்கு எல்லாம் அதுதான். அப்புறம் வேலைக்கென்று வேறொன்று வாங்கினதும் இது பீரோ மேலே ஏறிவிட்டது. திருப்பூரில் இருக்கிற அண்ணன் மகன் முழுப்பரீட்சை லீவுக்கு வந்தபோது, "ஃபோனை மட்டும் அவன் கையில குடுத்துராத" என்று மைனி (அண்ணி) கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அவன் கண் பீரோ மேலே போனது. "அத்தை, அதுல கேம் ஓடுமா?" என்றான். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, பீடி சுற்றுகிற கையை நிறுத்தாமல், "சவம், அது ஆன் ஆகதுக்குள்ள உனக்கு லீவு முடிஞ்சிரும்" என்றாள்.

அம்மா சொன்னதில் பெரிய பொய் இல்லை. ஆன் ஆகி டெஸ்க்டாப் வந்த பிறகும் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், ஒரு ஃபோல்டரைத் திறந்தால் பைய, ரொம்பப் பைய, ஒவ்வொரு ஐகானாக வரும்.

விண்டோஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் முதலில் போவார்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, குரோம் அதில் 109ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது, 2024 தொடங்கியதும் கேம் விற்கிற ஸ்டீமும் விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள்; அதற்குமேல் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம், அவ்வளவுதான். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. என்னுடையது இரண்டாம் தலைமுறைக் காலத்து சிப். சுற்றி வளைத்துப் போடுகிற வழிகள் இருக்கின்றன, யாரோ ஒருவர் வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டுச் சின்னதாக்கிக் கொடுக்கிற விண்டோஸ் பதிப்புகளும் சுற்றுகின்றன. வெட்டியவர் எதை எடுத்தார் என்பது இருக்கட்டும், எதை உள்ளே வைத்தார் என்று யாருக்குத் தெரியும்? பேங்க் வேலையும் பார்க்கிற மெஷினில் அதை நான் போட மாட்டேன்.

இங்கே ஒரு விஷயம், இந்த அரசு லேப்டாப் வைத்திருக்கிறவர்களுக்கு ரொம்ப முக்கியம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்பது பழைய வகையான 32-பிட்டில் மட்டும்தான் வந்தது, அதோடு 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. அதனால் பலர் "என்னோடது 32-பிட் லேப்டாப், ரேம் ஏத்த முடியாது" என்று முடிவே கட்டிவிட்டார்கள். அது ஓஎஸ்ஸின் எல்லை, மெஷினின் எல்லை இல்லை. பென்டியம் சிப் 64-பிட்தான். மாடல் எண்ணைப் பார்த்து, எத்தனை ரேம் ஸ்லாட் இருக்கிறது, எவ்வளவு வரை தாங்கும் என்று தேடிப் பாருங்கள். என்னுடையதில் அடியில் இருந்த மூடியைக் கழற்றினால் ஒரு ஸ்லாட் அத்தனை வருஷமும் காலியாகவே இருந்திருக்கிறது.

ஆக, ஓஎஸ் தேடுவதற்கு முன்னால் நான் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைக்குப் போய் எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற வேகமான டிஸ்க்) ரேமும் வாங்கினேன். கடைக்கார அண்ணாச்சி லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி செலவழிக்கதுக்குப் பதிலா பையனுக்கு ஒரு டேப் வாங்கிக் குடுத்துரலாம்லா" என்றார். மைனி போட்ட கண்டிஷனை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது, சிரித்துவிட்டு வந்தேன். சாதாரண 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி, இருக்கிறதிலேயே சின்ன அளவு போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுக்கொண்டால் காலேஜ் ஃபோட்டோவெல்லாம் அப்படியே இருக்கும்.

ரேம் வாங்கும்போது ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். டிடிஆர்3 என்பதிலேயே இரண்டு வகை: 1.5 வோல்ட்டில் ஓடுகிற சாதா வகை, 1.35 வோல்ட்டில் ஓடுகிற வகை. இரண்டாவதில் பிசி3 என்பதற்குப் பக்கத்தில் எல் என்று ஒரு எழுத்து சேர்ந்திருக்கும். அந்த எல் வகை பழைய ஸ்லாட்டிலும் ஓடும். ஆனால் 2013க்குப் பிறகு வந்த பல லேப்டாப்புகள் எல் வகையை மட்டும்தான் ஏற்கும், சாதாவைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். சந்தேகமாக இருந்தால் எல் வகையாகவே கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப்பும் இதே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. அதனால் ஒரே ஸ்லாட்டில் 4 போடுவதைவிட இரண்டு ஸ்லாட்டிலும் 2, 2 என்று போட்டால் கேமுக்கு நல்லது. நான் இருந்த 2ஐ விட்டுவிட்டுக் காலி ஸ்லாட்டில் 4 போட்டேன், மொத்தம் 6.

இவ்வளவையும் சொல்லக் காரணம் இருக்கிறது. எஸ்எஸ்டி போட்டதும் கிடைத்த வேகத்தோடு ஒப்பிட்டால், எந்த லினக்ஸ் என்பதால் வந்த வித்தியாசம் கொஞ்சம் போலத்தான். ஹார்ட் டிஸ்க்கோடு உலகத்திலேயே லேசான ஓஎஸ்ஸைப் போட்டாலும் பிரவுசரைத் திறக்கும்போது காத்துக்கொண்டுதான் இருக்கவேண்டும்.

சரி, இப்போது ஓஎஸ். வென்டாய் என்று ஒரு கருவி இருக்கிறது, அதை ஒரு பென்டிரைவில் ஏற்றிவிட்டால் போதும், அதற்கப்புறம் ஓஎஸ் இன்ஸ்டால் பண்ணுகிற ஐஎஸ்ஓ ஃபைல்களை அப்படியே காப்பி பண்ணிப் போட்டுக்கொண்டே போகலாம். பூட் ஆகும்போது எது வேண்டும் என்று லிஸ்ட் வரும். ஒவ்வொன்றுக்கும் பென்டிரைவை அழித்து அழித்து எழுதவேண்டியதில்லை. எதிலிருந்து பூட் ஆகவேண்டும் என்று கேட்கிற எஃப்12 மெனு ஏசரில் பயாஸ் செட்டிங்குக்குள் அணைந்து கிடக்கும், முதலில் அதை இயக்கவேண்டும். லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள், அது பென்டிரைவின் வேகம். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, வெளிச்சம் கூட்டுகிற குறைக்கிற பட்டன் வேலை செய்கிறதா, டச்பேடில் ரெண்டு விரல் வைத்துத் தள்ளினால் நகர்கிறதா, மூடித் திறந்தால் முழித்துக்கொள்கிறதா, இவற்றைத்தான் பார்க்கவேண்டும்.

முதலில் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ். லேசு என்றால் இதுதான் லேசு, சும்மா இருக்கும்போது 300 எம்பி ரேமைக்கூடத் தொடாது. எனக்கு ரொம்பப் பிடித்தது. மருமகனுக்குப் பிடிக்கவில்லை. அவன் பார்த்துப் பழகிய மாதிரி எதுவும் இல்லை, வைஃபை சேர்ப்பதற்கு வருகிற விண்டோவும் வேறு மாதிரி, "அத்தை இது என்னது, அத்தை அது எங்க" என்று நான் வேலை பார்க்கவிடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அப்போதுதான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்போடு வருகிற பதிப்பு சும்மா இருக்கும்போது சுமார் 700, 800 எம்பி எடுக்கிறது. ஆன்டிஎக்ஸோடு வித்தியாசம் அரை ஜிபி. யூடியூபை ஒரு டேபில் திறந்தால் அந்த ஒரு டேபே அவ்வளவு தின்றுவிடும். 2 ஜிபி ரேம் மட்டுமே இருந்து ஏற்றவும் முடியாது என்றால் அந்த அரை ஜிபி உயிர் மாதிரி, அப்போது கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிஎக்ஸ் போடலாம். 4க்கு மேல் இருந்தால் அதற்காக மூக்கால் அழவேண்டியதில்லை. லுபுன்டு என்ற லினக்ஸ் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பப்பி லினக்ஸ் முழுக்க ரேமிலேயே ஓடும், கெட்டுப்போன கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல் எடுக்க அருமையானது, ஆனால் எல்லாவற்றையும் நிர்வாகி அதிகாரத்திலேயே ஓட்டும் என்பதால் பத்து வயதுப் பையன் கையில் கொடுக்க மனசு வரவில்லை. கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸையும் சிலர் சொல்வார்கள். 4 ஜிபி ரேம் வேண்டும், அதோடு ஆண்ட்ராய்ட் ஆப் எதுவும் அதில் ஓடாது, கேமுக்காக அதைப் போடுவதில் அர்த்தமே இல்லை.

கடைசியில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇதான் நிலைத்தது. 22 என்று தொடங்குகிற பதிப்புகள் உபுன்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டவை, 2029 வரை அப்டேட் வரும், அதுவரை அந்த லேப்டாப் உயிரோடு இருந்தாலே பெரிய விஷயம். ஆனால் நான் அதை வைத்துக்கொண்டது அதற்காக இல்லை, டைம்ஷிஃப்டுக்காக. ஓஎஸ் இருக்கிற நிலையை அப்படியே பதிவு பண்ணி வைத்துக்கொண்டு, எதையாவது கெடுத்தால் பழைய நிலைக்குத் திருப்புகிற கருவி அது, மின்ட்டில் கூடவே வருகிறது. மருமகன் ஏதோ ஒரு கேமுக்கு டிரைவர் போடுகிறேன் என்று ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் சொன்னதையெல்லாம் அப்படியே டெர்மினலில் அடித்து, மறுபடி ஆன் பண்ணினால் வெறும் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வருகிற நிலைக்குக் கொண்டுபோய்விட்டான். பென்டிரைவிலிருந்து பூட் பண்ணி டைம்ஷிஃப்டில் முந்தின தேதியைத் தட்டினேன், காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் பழையபடி நின்றது. அதற்கப்புறம் அவனுக்கென்று தனி அக்கவுன்ட், நிர்வாகி பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். டைம்ஷிஃப்ட் ஓஎஸ்ஸைத்தான் காப்பாற்றும், நம்முடைய ஃபோட்டோ, ஃபைல்களைத் தொடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும், அவற்றுக்குத் தனியாக ஒரு காப்பி வேண்டும்.

வைஃபை பற்றி ஒரு வார்த்தை. பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்புகளில் லினக்ஸ் போட்டதும் வைஃபை காணாமல் போகும். டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது, இன்டர்நெட் வைஃபையில் இருக்கிறது, நல்ல கூத்து. ஃபோனை யுஎஸ்பி வயரில் மாட்டி, யுஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணுங்கள், எந்த டிரைவரும் இல்லாமல் உடனே நெட் வரும். அப்புறம் மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே காட்டும், தட்டினால் முடிந்தது.

இனி கேம். இங்கேதான் ஓஎஸ் பற்றிய பேச்சு முடிந்து கிராஃபிக்ஸ் சிப் பற்றிய பேச்சு ஆரம்பிக்கிறது.

லினக்ஸில் இப்போது விண்டோஸ் கேம் எல்லாம் ஓடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள், பொய்யில்லை. ஸ்டீமை நடத்துகிற வால்வ் நிறுவனம் 2018ல் விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டுகிற புரோட்டானைக் கொண்டுவந்த பிறகு நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. ஆனால் புரோட்டான் விண்டோஸின் கிராஃபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸில் எழுதிய கேமை வல்கன் என்ற இன்னொரு கிராஃபிக்ஸ் முறைக்கு மாற்றிக் கொடுத்துத்தான் ஓட்டுகிறது, அந்த வல்கன் நம் சிப்பில் இருக்கவேண்டும். இன்டெல் இரண்டாம் தலைமுறையில் வல்கன் கிடையவே கிடையாது. மூன்று, நான்காம் தலைமுறையில் அரைகுறை. ஐந்து, ஆறு என்று மேலே போனால்தான் ஒழுங்காக இருக்கும். ஆகவே 2012 லேப்டாப்பில் எந்த லினக்ஸைப் போட்டாலும் புதிய ஸ்டீம் கேம்கள் ஓடப்போவதில்லை, 'கேமிங்குக்கென்றே செய்த லினக்ஸ்' என்று விளம்பரம் பண்ணுகிற எதைப் போட்டாலும் அதே கதிதான். ஸ்டீம் ஆப்பே உள்ளுக்குள் ஒரு பிரவுசரைச் சுமந்துகொண்டு வருவதால் 2 ஜிபி ரேமில் அதைத் திறப்பதே பெரும்பாடு.

இரண்டாம் தலைமுறை சிப் வல்கனுக்கு முந்தைய கிராஃபிக்ஸ் முறையான ஓபன்ஜிஎல்லை 3.3 வரை செய்யும். அதற்குள் அடங்குவது என்ன என்று தேடினால் ஊரளவு கிடைக்கிறது. ஜிடிஏ வைஸ் சிட்டி காலத்து விண்டோஸ் கேம்களை, அதாவது டைரக்ட்எக்ஸ் 8, 9 என்று இருந்த காலத்தவற்றை, விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டுகிற ஒயின் என்ற கருவி மூலமாக ஓட்டலாம். ஒயின் தன் பழைய வழியில் ஓபன்ஜிஎல்லுக்கே மாற்றிக் கொடுத்துவிடும். லுட்ரிஸ் என்ற ஆப்பில் போட்டுக்கொண்டால் டைரக்ட்எக்ஸை வல்கனுக்கு மாற்றுகிற டிஎக்ஸ்விகே என்ற ஆப்ஷனை அணைத்துவிடுங்கள், வல்கன் இல்லாத சிப்பில் அது இருந்தால் கேம் திறக்கவே திறக்காது. ஸ்டீமிலேயே வாங்கினால் கவுன்டர் ஸ்டிரைக் 1.6க்கு 2013லிருந்து லினக்ஸ் பதிப்பே இருக்கிறது, ஒயினே வேண்டாம். ஊரில் பென்டிரைவில் கைமாறிக்கொண்டிருக்கிற திருட்டு செட்டப் ஃபைல்களை மட்டும் தொடவேண்டாம். லினக்ஸில் வைரஸ் வராது என்ற தைரியத்தில் ஒயினில் அதை ஓட்டினால், ஒயின் உங்கள் ஹோம் ஃபோல்டரையும் அதன் கண்ணுக்குக் காட்டுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருமகன் முதலில் கேட்டது பிஜிஎம்ஐ. அது ஆண்ட்ராய்ட் கேம், லேப்டாப்பில் ஆட ஃபோன் மாதிரி நடிக்கிற எமுலேட்டர் வேண்டும், அந்த எமுலேட்டரைத் தாங்க இந்த லேப்டாப்புக்கு சக்தி இல்லை. அடுத்தது வேலரன்ட். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடிமட்டத்தில் உட்காருகிற வகை, லினக்ஸில் நுழையவே முடியாது. மூன்றாவது மைன்கிராஃப்ட். அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

லுவான்டி என்று ஒன்று. 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது, சில இடங்களில் இன்னும் பழைய பெயரிலேயே கிடக்கும். இலவசம், ஓப்பன் சோர்ஸ். லுவான்டி தனக்குள்ளே பல ஆட்டங்களை இறக்கிக்கொள்ளும், அதில் வாக்ஸலிப்ரே என்பதை இறக்கினால் மைன்கிராஃப்ட் ஆடிய பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரிய நேரமாகும். செட்டிங்கில் பார்வைத் தூரத்தைக் குறைத்து வையுங்கள், அது ஒன்றுதான் பழைய சிப்பைப் போட்டு வாட்டுகிற விஷயம். இதில் எனக்குப் பிடித்தது வேறு. லுவான்டி ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. லேப்டாப்பில் உலகத்தைத் திறக்கும்போதே சர்வராகத் திற என்ற கட்டத்தை டிக் பண்ணிவிட்டால், அதே வைஃபையில் இருக்கிற ஃபோனிலிருந்தும் உள்ளே வரலாம், இன்டர்நெட்டே வேண்டாம். எதிர்வீட்டுப் பெண் தன் அம்மா ஃபோனை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துகொள்வாள், இவன் உள்ளே லேப்டாப்பில். "ஏட்டி, என் வீட்டுக் கதவ ஏன் ஒடைச்ச?" என்று இவன் கத்துவதும், "நான் ஒடைக்கல, ராத்திரியானா பேய் வருதுலா, அது ஒடைச்சிருக்கும்" என்று அவள் சொல்வதும் தெரு முழுக்கக் கேட்கும்.

சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தயமும் நன்றாக ஓடியது, ஆனால் முதலில் திறந்தபோது திணறியது. கிராஃபிக்ஸ் செட்டிங்கில் மேம்பட்ட விளைவுகள் என்று இருப்பதை மொத்தமாக அணைத்து, ரெசல்யூஷனை ஒரிஜினலான 1366லிருந்து ஒரு படி கீழே இறக்கினேன், பந்தயம் விட்டு விட்டு ஓடாமல் சீராக ஓடியது. இது எல்லா கேமுக்கும் பொருந்தும்: நிழலை அணை, ரெசல்யூஷனை இறக்கு. ஓஎஸ் மாற்றுவதைவிட இதில் கிடைப்பது அதிகம்.

கடைசியில் அவன் விடாமல் ஆடியது நான் எதிர்பார்க்காத ஒன்று, ஓபன்டிடிடி. 1990களின் ஒரு ரயில், பஸ் கம்பெனி நடத்துகிற கேமை ஆட்கள் சேர்ந்து திரும்ப எழுதியது, எந்தக் கட்டை லேப்டாப்பிலும் ஓடும். அதில் ஊர்களின் பெயரை மாற்றலாம். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தென்காசி லைனை வரிசையாக வைத்து ரயில் விட்டான். முக்கூடலுக்கு நிஜத்தில் ரயில் கிடையாது. அவன் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு கிளை போட்டு ஸ்டேஷன் கட்டிவிட்டான். அந்தக் கிளை நஷ்டத்தில்தான் ஓடியது. நிலக்கரி வண்டி லாபம், ஆள் வண்டி நஷ்டம் என்று அவன் தாத்தாவுக்கு விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, ஃபோன் கேமில் இது வருமா என்று தோன்றியது உண்மை. வெஸ்நாத் என்ற முறைவைத்து ஆடும் போர் ஆட்டமும் இதே வகை, லேசு, நேரம் போவது தெரியாது. நான் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் ஆடிய டேஞ்சரஸ் டேவை, டாஸ் காலத்து கேம்களை ஓட்டுகிற டாஸ்பாக்ஸில் ஓட்டிக் காட்டினேன், அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா அத்தை" என்றான்.

யூடியூப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் கேமை விட அதுதான் பழைய லேப்டாப்பைச் சூடாக்குகிறது. யூடியூப் இப்போது அனுப்புகிற விபி9, ஏவி1 வகை வீடியோவை இந்தப் பழைய சிப்பால் நேரடியாகப் பிரிக்க முடியாது, எல்லா வேலையும் பிராசசர் தலையில் விழும். ஃபயர்ஃபாக்ஸில் எச்264இஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் பழைய எச்264 வகையையே கேட்டு வாங்கும், அதை சிப்பே கவனித்துக்கொள்ளும். 480 அல்லது 720ல் வைத்துப் பாருங்கள், அந்தத் திரைக்கு அதுவே தாராளம். விளம்பரத் தடுப்பு ஒன்றும் இருந்தால் பாதி பாரம் குறையும். ரேம் கம்மியாக இருப்பவர்கள் இசட்ராமை இயக்கிக்கொள்ளுங்கள். ரேமில் சும்மா கிடப்பதைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்வதால் டிஸ்க் பக்கம் போகிற தேவை குறையும், 2 ஜிபி மெஷினில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தமிழ் டைப்பிங்குக்கு எதுவும் இறக்கவேண்டியதில்லை, கீபோர்டு செட்டிங்கில் தமிழ்நெட் 99 இருக்கிறது, சேர்த்துக்கொண்டால் போதும்.

சூட்டுக்கு வருவோம். சித்திரை வெயிலில் மத்தியானம் கேம் ஆடினால் சில நிமிஷத்தில் ஃபேன் அலறும், கொஞ்ச நேரத்தில் கேம் மெதுவாகும், சில சமயம் மெஷினே அணைந்துவிடும். ஓஎஸ் சரியில்லை என்று மறுபடி வேறொன்றைப் போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் அடிமூடியைத் திறந்து ஃபேனைக் கழற்றினேன். காற்று வெளியே போகிற செப்புத் தகடுகளுக்கு முன்னால் கம்பளி மாதிரி ஒரு திட்டு, விரல் கனத்துக்கு, பழுப்பு நிறத்தில். எடுத்து உதறினால் தும்மல் வந்தது. பீடித் தூள். காலேஜ் படித்த காலமெல்லாம் அம்மா தூள் அள்ளிப் பீடி சுற்றுகிற தட்டுக்குப் பக்கத்தில்தான் நான் லேப்டாப்பை வைத்து எழுதினேன். பஞ்சும் தூளும் சேர்ந்து இறுகி, காற்றுக்கு வழியே இல்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, பிராசசர் மேலே காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். அலறல் நின்றது. கழற்றப் பயமாக இருந்தால் கடையில் கொடுங்கள், சின்ன வேலைதான். அப்புறம் மெத்தை மேலே, தலையணை மேலே வைத்து ஆடவிடாதீர்கள், அடியில் இருக்கிற காற்று ஓட்டை அடைபட்டால் எல்லாம் வீண். எங்கள் வீட்டில் ஒரு பழைய பீடித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துக்கொள்கிறான்.

பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜரில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் பொட்டென்று அணையும். லினக்ஸ் டிஸ்க்கில் வழக்கமாகப் போடுகிற எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், அடுத்த முறை ஆன் ஆகும்போது தானே சரிபார்த்துக்கொள்ளும். ஆடிக்கொண்டிருந்த ஆட்டம்தான் போகும். ஓபன்டிடிடியில் தானாகச் சேமிக்கிற இடைவெளியைக் குறைத்து வைத்துவிட்டேன். உப்பியிருக்கிற பேட்டரி என்றால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். மலிவான டூப்ளிகேட் பேட்டரி வாங்குவதைவிட பேட்டரி இல்லாமலேயே ஓட்டுவது மேல்.

இதைப் பார்த்துவிட்டு மைனி தன் பழைய நெட்புக்கை அனுப்பியிருக்கிறார்கள். இன்டெல் ஆட்டம் (Atom) சிப், 1 ஜிபி ரேம், சிப்பே உண்மையில் 32-பிட். இங்கே மின்ட்டெல்லாம் பேச்சுக்கே இடமில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் லினக்ஸின் 13ஆம் பதிப்பில் 32-பிட் இன்ஸ்டாலரே எடுத்துவிட்டார்கள், ஃபயர்ஃபாக்ஸும் 144ஆம் பதிப்போடு 32-பிட் லினக்ஸை விட்டுவிட்டது. டெபியன் 12 அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23தான் போடவேண்டும். நெட் பார்க்க அதை நம்பவேண்டாம் என்று மைனியிடம் சொல்லிவிட்டேன், லெட்டர் அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், டாஸ்பாக்ஸ் ஓட்டலாம். அதற்கும் முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்கவேண்டும், அண்ணாச்சி கடைக்கு மறுபடி போனால் என்ன சொல்வாரோ தெரியவில்லை.